ஷிப்ட் அறையில் வளர்ந்த ஜெல்லி மீன்கள்

இரண்டு கோடைகளுக்கு முன்னால், நெய்வேலி நகரியத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் பஸ் ஏறி கடலூர் போக வேண்டும். ஆனால் அந்தக் கோடையில் கடலே எங்கள் வீட்டுக்கு வந்து படுக்கையறையில் தங்கிவிட்டது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் பிறந்து, பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாதா கோயில் பூசையில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசையில் உட்காருகிறவள். என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. ஒரே மகன் சென்னையில் இருக்கிறான். அவனுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது.

மருமகள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கடலோரத்தில் ஓர் ஆய்வகத்தில் கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அந்தப் படிப்பு முடியும்வரை எங்களோடு தங்கி, தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். அவளும் அதிகம் பேச மாட்டாள். சமையலறையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். "உப்பு போட்டாச்சாம்மா?" "போட்டாச்சு அத்தை." அன்றைய பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் வீடே சந்தோஷப்பட்டது. ஆனால் டாக்டர், கொஞ்ச மாதத்துக்கு பஸ் பயணமே கூடாது, நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை மருமகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மகன் அவளிடம் போனில் பேசியது எனக்கும் கேட்டது.

"இதோட விட்டுடும்மா. குழந்தை பொறக்கட்டும், பொறவு பாத்துக்கலாம்."

"பொறவுன்னா யாரு எனக்காகக் காத்திருப்பா? டைம் முடிஞ்சிடும்" என்றாள் அவள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி அன்றுதான் கேட்டேன்.

என்ன படிப்பு அது என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. கேட்டால் நமக்குப் புரியவா போகிறது என்ற கூச்சம். அன்று காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நகராமல் நின்றேன். அவளாகவே சொன்னாள்.

நம் கடலில் சின்னஞ்சிறு ஜெல்லி மீன்கள் இருக்கின்றனவாம். வேக வைத்த ஜவ்வரிசி அளவுதான் இருக்கும். கடலில் பிடித்தால் நாலு கைகள் நூல்போலத் தொங்கும். ஆற்று முகத்துவாரத்தில் பிடித்தால் அதற்கும் மேலே பல கைகள், கொஞ்சம் சிவப்பு நிறம். இரண்டும் வேறு வேறு இனம் என்று சில புத்தகங்கள் சொல்கின்றன. இல்லை, ஒரே இனம்தான், இருக்கிற தண்ணீரைப் பொறுத்து உருவம் மாறுகிறது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். பல காலமாக இந்த வழக்கு தீரவில்லை.

"எப்படித் தீர்ப்பாங்க?" என்று கேட்டேன்.

"ஒரே தாயோட முட்டையை எடுத்து, அதுல வர்ற பிள்ளைகள ரெண்டு விதமான தண்ணியில வளக்கணும் அத்தை. ஒரு வயித்துப் பிள்ளைகளே ரெண்டு மாதிரியும் வளந்துச்சுன்னா, அது ஒரே இனம். ஜீன் டெஸ்டுக்கும் அனுப்புவோம். ஆனா வளத்துக் காட்டாம எங்க சார் ஒத்துக்க மாட்டாரு. எனக்கு முட்டையே கெடைக்கல. எத்தனையோ தடவை பாத்தாச்சு. போடவே மாட்டேங்குது."

இதை எல்லாம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "நீ அங்க போவக் கூடாது, அவ்வளவுதான? அதுங்க இங்க வரலாமில்ல?"

"அதுங்களுக்குக் குளிர்ச்சியா இருக்கணும் மாமா. இந்த வெயில்ல செத்துப்போயிடும்."

"நம்ம ஷிப்ட் ரூம்ல ஏசி இருக்கு. நான் தூங்கறப்ப அதுங்களும் தூங்கட்டும்."

ஷிப்ட் ரூம் என்று அவர் சொன்னது எங்கள் படுக்கையறையை. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வருகிறவர் பகலில் தூங்கியாக வேண்டும். அதற்காக ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டி, அதன்மேல் கனமான கறுப்புத் திரை போட்டிருப்போம். வீட்டில் ஒரே ஏசி அந்த அறையில்தான். நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் குக்கர் விசில் வரக்கூடாது. கதவு அடிபடக் கூடாது. கீரைக்காரம்மாகூட எங்கள் வீட்டு வாசல் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். எது நடந்தாலும் தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பது ஷிப்ட் வீடுகளின் சட்டம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

ஆய்வகத்தில் அனுமதி வாங்கி, என் கணவரே போய் ஜாடிகளை வாடகைக் காரில் மடியில் வைத்து எடுத்துவந்தார். கண்ணாடி ஜாடிகள், ஒரு சின்ன மைக்ரோஸ்கோப், தீனிக்கு ஒரு டப்பா. அந்த டப்பாவில் இருந்த பொடியை உப்புத் தண்ணீரில் போட்டால் மறுநாள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குட்டி இறால்கள் மாதிரிப் பொரிந்து வரும். இங்க் பில்லரால் எடுத்து ஒவ்வொரு ஜாடியிலும் விட வேண்டும். மருமகளுக்கு எழுந்து நின்றாலே தலைசுற்றல், வாந்தி. ஆகவே தீனி போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் என் வேலையாயின. "தூசி விழுந்திருந்தா மட்டும் தண்ணிய மாத்திடுங்க அத்தை. அழுக்கு இருந்தா செத்துடும்" என்று சொல்லிக்கொடுத்திருந்தாள்.

மாற்றுவதற்குக் கடல் தண்ணீர் வேண்டும். அதற்கு நான்தான் வாரம் ஒரு முறை கேனோடு கடலூருக்குப் போனேன். முதல் தடவை திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் பிடித்துக்கொண்டார்.

"கேன்ல இன்னாம்மா? மண்ணெண்ணெயா? பஸ்ல ஏத்தக் கூடாது."

"தண்ணி" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"இன்னாது?"

"கடல் தண்ணிங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "நெய்வேலில தண்ணி இல்லன்னு கடலூர் வந்து கடல் தண்ணி மொண்டுகினு போறாங்கப்பா" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கேனைக் காலுக்கு நடுவில் இழுத்துக்கொண்டு குனிந்துகொண்டேன்.

பின்சீட்டில் மீன் கூடையோடு ஓர் அம்மா இருந்தார். வாரா வாரம் எங்கள் ஊருக்குப் பக்கத்து மந்தாரக்குப்பத்தில் மீன் விற்க வருகிறவராம். "சிரிச்சது போதும், ஒரு பொம்பள தண்ணி கொண்டு போனா உனக்கு இன்னா நோவுது? டிக்கெட்ட கிழி" என்று கண்டக்டரை ஓர் அதட்டு அதட்டினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எதுக்கு யம்மா?"

சொன்னேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது, திக்கித் திக்கி. அவர் வாயில் கைவைத்துக்கொண்டார். ஜெல்லி மீனுக்கு அவர்கள் பக்கம் சொறி என்று பெயராம்.

"சொறியா? நாங்க அத வலைலேந்து பிச்சிப் பிச்சி வீசுறோம். கைல பட்டா அரிப்பு தாங்காது. நீ பஸ் ஏறி வந்து தண்ணி மொண்டுகினு போயி அத வளக்கிற!"

"மருமக படிப்புக்கு."

"அப்ப சரி." கேனை எட்டிப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார், "கரைல மொள்ளாத. கலங்கலா இருக்கும். எங்க ஊட்டுக்காரரு போட்டுல போவசொல்ல நல்ல தண்ணியா மொண்டு வரச் சொல்றேன். பஸ் ஸ்டாண்டுல குடுக்கறேன்." அப்படியே செய்தார். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. "சொறிக்கார அம்மா" என்று எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்.

வீட்டில் ஜெல்லி மீன்கள் சாகாமல் இருந்தன. அவ்வளவுதான். முட்டை மட்டும் இல்லை. மருமகள் ஏதோ ஒரு நேரத்தில் சிரமப்பட்டு எழுந்து ஜாடியைப் பார்ப்பாள். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் படுத்துக்கொள்வாள். இரவில் அந்த அறையில் அவளும் நானும்தான். அடிக்கடி எழ வேண்டியிருந்ததால் விளக்கு அணைவதே இல்லை. கணவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவள் ஹாலுக்கு வந்துவிடுவாள். அவர் திரையை இழுத்துவிட்டு மதியம்வரை தூங்குவார்.

ஜாடிகள் வந்த பிறகு வந்த முதல் நைட் ஷிப்ட் வாரத்தில் ஒரு நாள், சாயங்காலம் தண்ணீர் பார்க்கப் போனபோது ஒரு ஜாடியின் அடியில் வெள்ளையாகத் தூசி படிந்திருந்தது. ரவையைவிடப் பொடி. எங்கள் ஊரில் தூசி புதிதல்ல. காலையில் துடைத்த ஸ்டூலில் மாலையில் விரலால் எழுதலாம். கணவரும் பார்த்தார். "தூசிதான். ஊத்திட்டு வேற ஊத்து." மீன்கள் விழாதபடி வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு ஊற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே மாதிரி. அன்றும் வாஷ்பேசினில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் மதியம், மகன் போன் செய்தான். அவனிடம் ஆய்வகத்துச் சார் பேசியிருந்தாராம். இன்னும் கொஞ்ச நாளில் முட்டை கிடைக்காவிட்டால், இந்த ஜெல்லி மீனை விட்டுவிட்டு வேறு சின்னத் தலைப்பு எடுத்து முடிக்கலாம், இல்லை நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். மருமகள் போனை வைத்துவிட்டு ஹாலில் பாயில் படுத்து, அழுதபடியே தூங்கிவிட்டாள். ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்தவள். அந்தத் தூக்கம் அவளுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

கணவர் எழுந்து திரையை விலக்கிவிட்டு, குளித்து, சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து நான் ஜாடிகளைப் பார்க்கப் போனேன். அதே ஜாடி. அதே வெள்ளைத் தூசி. எடுத்துக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போனேன். சாய்க்கப் போகும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணி. முந்தின தடவை தூசி விழுந்ததால் நான்தான் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு மடிப்பாகக் கட்டியிருந்தேன். துணியின் மேலே விரலை வைத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அப்படியானால் உள்ளே எப்படி?

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளைக் கேட்கலாம். ஆனால் தூங்குகிறாள். ஜாடியோடு ஹால் வாசலில் நின்றேன். எழுப்பிக் கேட்டு, "இது தூசிதான் அத்தை, இதுக்கா எழுப்புனீங்க" என்று சொல்லிவிட்டால்? கர்ப்பிணியைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதா? அவள் எழட்டும் என்றால், ஒருவேளை அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. சமையலறைக்குத் திரும்பிப் போனேன். மறுபடி வந்தேன். இதைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கோ அது கல்யாண நாளிலிருந்து மீறாத சட்டம்.

மாதாவே என்று சொல்லிக்கொண்டு குனிந்து அவள் தோளைத் தொட்டேன். "ஏம்மா... எழுப்பறேன்னு கோச்சிக்காத. இது தூசிதானா, ஒரு தடவ பாத்துச் சொல்லிடு. கொட்டிடறேன்."

கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜாடியைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேஜைக்குப் போய், அங்கிருந்த மைக்ரோஸ்கோப்பில் ஒரு துளி விட்டுக் கண்ணை வைத்தாள். வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து நான் முதுகைத் தடவினேன்.

"அத்தை" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள். "பாருங்க."

பார்த்தேன். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு ஓர் உருண்டை. நிலா மாதிரி. அதன் நடுவில் ஒரு கோடு விழுந்து, இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று ஏற்கெனவே நாலாகியிருந்தது.

"முட்டையா?"

"முட்டை அத்தை! கரு பிடிச்ச முட்டை!"

"ரெண்டு தடவ கொட்டிட்டேனே" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான்தான மாத்தச் சொன்னேன். நீங்க எழுப்பலன்னா மூணாவது தடவையும் போயிருக்கும்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன்னால் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டதில்லை. அவள் கை சில்லென்றிருந்தது.

பிறகு கேள்விமேல் கேள்வி. எப்போது பார்த்தீர்கள், விளக்கு எரிந்ததா, திரை எப்போது விலகியது? பதில் சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. நல்ல இருட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளிச்சம் பட்டால்தான் இவை முட்டையிடும் போலிருக்கிறது. ஆய்வகத்தில் பலபேர் வேலை செய்யும் கூடம், எப்போதும் டியூப் லைட். எங்கள் வீட்டிலும் இரவில் விளக்கு. நைட் ஷிப்ட் வாரத்தின் பகலில்தான் அந்த அறை உண்மையில் இருண்டு கிடந்தது.

கணவர் கடையிலிருந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டுப் பையைக் கீழே வைக்காமலே நின்றார். "அப்ப பிரசவம் பாத்தது நானா? திரைய விலக்கனது நான்தான?"

"ஆமா மாமா. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"இத்தன வருஷம் நைட் ஷிப்ட் பாத்ததுக்கு இன்னிக்குத்தான் ஒருத்தி நன்றி சொல்றா."

அதோடு அவர் நிற்கவில்லை. மறுவாரம் அவருக்கு ஷிப்ட் மாறியது. அறையைக் குளிராகவும் இருட்டாகவும் விட்டுவிட்டு, மருமகளுக்கு ஹாலில் டேபிள் பேன் வைத்துக் கொடுத்தார். அடுத்து நைட் ஷிப்ட் வந்தபோது அவர் அந்த அறையில் தூங்கவே இல்லை. தான் தெரியாமல் விளக்கைப் போட்டுவிடக்கூடும், தன் குறட்டையில் ஜாடி ஆடும் என்று ஏதேதோ காரணம் சொன்னார். அந்த மே வெயிலில், பின்பக்க அறையில், ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு பகலில் தூங்கினார். முதுகெல்லாம் வேர்க்குரு. நான் பவுடர் போட்டுவிடும்போது, "ஜெல்லிக்கு பர்மனென்ட் ஏசி, எனக்கு கான்ட்ராக்ட் பேன்" என்று முனகினார். மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முட்டைகள் நீந்தும் புள்ளிகளாகி, கண்ணாடியில் ஒட்டி, பாசிபோல முளைத்தன. அதைப் பார்த்து, "செத்து பூசணம் பிடிச்சிடுச்சோ?" என்று உடனே கேட்டேன். இப்போது கேட்கக் கூச்சமில்லை. "இல்ல அத்தை, அதுதான் குழந்தைப் பருவம்" என்றாள். ஒரு தாய், ஒரு தகப்பன் மட்டும் இருந்த ஜாடியிலிருந்து வந்தவற்றை அவள் இரண்டாகப் பிரித்தாள். பாதிக்கு முழுக் கடல் தண்ணீர். மீதிப் பாதிக்கு, முகத்துவாரத்தில் இருப்பதுபோல நல்ல தண்ணீர் கலந்த உப்புக் குறைந்த தண்ணீர். பாசி அரும்புவிட்டது. அரும்பு உதிர்ந்து, குண்டூசித் தலை அளவில் துடித்துத் துடித்து நீந்தியது. அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. வாந்தியும் நின்றிருந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்குள் விடை தெரிந்துவிட்டது. ஒரு ஜாடியில் நாலு கை. இன்னொரு ஜாடியில் கை முளைத்துக்கொண்டே போனது, நடுவில் லேசான சிவப்பும் வந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! சார் போனில் படம் பார்த்துவிட்டு, இன்னொரு முறையும் செய்து காட்டச் சொன்னார். செய்து காட்டினாள். வெளியூருக்கு அனுப்பிய ஜீன் டெஸ்டும் அதையே சொன்னது. அதற்குள் எங்கள் வீட்டில் பேத்தி பிறந்துவிட்டாள். குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் மருமகள் மிச்சத்தை எழுதி முடித்தாள். கடைசி வாய்மொழித் தேர்வு நாளன்று, அது நடந்த கூடத்துக்குப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஜாடிகளை ஆய்வகத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த அன்று, பஸ்ஸில் மீன்கார அம்மா இருந்தார். கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூவினார்.

"சொறிக்கார அம்மா! இன்னா ஆச்சு உன் சொறி? ஒண்ணா, ரெண்டா?"

பஸ்ஸில் எல்லோரும் திரும்பினார்கள். அதே கண்டக்டரும்தான்.

"ஒண்ணுதான்க்கா" என்றேன். பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து, இன்னும் உரக்கச் சொன்னேன். "கடல்ல இருக்கறதும் ஆத்துல இருக்கறதும் ஒரே வயித்துப் புள்ளைங்கதான். எங்க வூட்ல வளந்துதான் தெரிஞ்சிது!"

"நான் மொண்டு குடுத்த தண்ணில!" என்றார் அவர், பஸ்ஸைப் பார்த்து.

தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்ற சட்டம் எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது, நைட் ஷிப்ட் வாரத்தில் குக்கர் விசில் இன்றும் வராது. ஆனால் மனதில் ஒரு சந்தேகம் எழுந்து, நமக்கெதற்கு என்று வாய் மூடிக்கொள்ளப் போகும் ஒவ்வொரு முறையும், வாஷ்பேசின் மேலே சாய்ந்து நின்ற அந்த ஜாடியும், ஒரு தோளைத் தொடக் கூசிய என் விரல்களும் நினைவுக்கு வர, நான் மெதுவாகவாவது கேட்டுவிடுகிறேன்.